தோட்டத்துச் சோறு: கெடாவில் எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

கெடாவில் நல்ல தமிழ்ச் சாப்பாடே கிடைக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டு திரும்புகிறவர்களிடம், எத்தனை மணிக்குக் கடைக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு, இரண்டரை என்பார்கள். கோலாலம்பூரில் அந்நேரத்துக்கும் வாழையிலை விரிப்பார்கள். பீடோங்கிலோ பாடாங் செராயிலோ இரண்டரைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியில் கோழி தீர்ந்து மசாலா மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்துத் தட்டில் நாலு துண்டு பாகற்காய். கடைக்கார அக்கா சட்டி கழுவப் போயிருப்பார்.

ரப்பர் மரம் பழக்கிவிட்ட நேரம் அது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் இருட்டு விலகுமுன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, விடியும்போது மரத்தடியில் இருக்க வேண்டும். பத்து, பத்தரைக்கெல்லாம் பால் எடுத்து, நிறுத்துவிட்டு, உச்சிவெயிலுக்குள் வீட்டுச் சோற்றுக்கு வந்துவிடுவார்கள். இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில தாமான் எனும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பீடோங் பக்கம் வந்து குடியேறிவிட்டார்கள். கடை வைத்தவர்கள் அவர்கள். சாப்பிட வருகிறவர்களும் அவர்கள் பிள்ளைகள். பழைய கடிகாரம் அடுப்படியில் இன்னும் ஓடுகிறது.

ஆகவே கெடாவுக்கு ஒரே விதி: காலை ஏழரைக்குள் பசியாற உட்காருங்கள், பதினொன்றரைக்கு மதியச் சோற்றுக்குப் போங்கள். பன்னிரண்டரைக்கு மேல் கருவாட்டுக் குழம்பு கேட்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இது என்று தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மெர்போக் அருங்காட்சியகத்தையும் புக்கிட் பத்து பாஹாட் சண்டி எனும் பழங்கோயிலையும் சுற்றி முடிக்க மணி ஒன்றரை ஆகிவிடும். பிறகு பசியோடு பீடோங்குக்கு ஓடுகிறார்கள். சண்டி ஆயிரம் வருடம் காத்திருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்கும். முதலில் சாப்பிடுங்கள்.

எந்த ஊர், எந்த நாள்

பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயில் சுங்கை பட்டாணி, குரூண், அலோர் ஸ்டார் மூன்றிலும் நிற்கும். கூலிம், லூனாஸ், பாடாங் செராய்க்கு ரயில் கிடையாது; கார் வேண்டும். எனக்கு ஒரே ஒரு நாள் தந்து தோட்டத்துச் சாப்பாடு தேடச் சொன்னால் அலோர் ஸ்டார் போகமாட்டேன். அது நெல்வயல் பக்கத்து ஊர். மலாய்ச் சமையலுக்கும் நாசி கண்டாருக்கும் போகலாம். தமிழர் தோட்டங்கள் அடர்ந்திருந்தது தெற்கும் நடுவும்தான்: கூலிம், கோலா மூடா மாவட்டங்கள்.

ஊருக்குள் வந்த பிறகு எந்தத் தெருவுக்குப் போவது? வரைபடத்தில் தமிழ்ப்பள்ளிகளைத் தேடுங்கள். பீடோங்கில் ஹார்வார்ட், பாடாங் செராயில் விக்டோரியா, ஹென்றியேட்டா, சுங்கை பட்டாணியில் ஸ்கார்போரோ, பட்டாணி பாரா என்று தோட்டங்களின் பெயரிலேயே பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் மாறினாலும், ஆட்கள் இடம்பெயர்ந்தாலும் பெயர் மாறுவதில்லை. அப்படிப்பட்ட பள்ளியைச் சுற்றியுள்ள தாமானில் ஒரு வரிசைக் கடை இருக்கும். அதில் ஒன்று சாப்பாட்டுக் கடையாகவோ, வாசலில் கூரை இறக்கிய ஒட்டுக்கடையாகவோ இருக்கும். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையை ஏற்றிச் செல்ல வரும் அப்பாமார்கள் எங்கே நின்று தே குடிக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு மேல் வேறு வழிகாட்டி வேண்டாம்.

கடைப் பெயர்களை இந்த அத்தியாயத்தில் எழுதவில்லை. இந்தச் சிறு கடைகள் கைமாறுகின்றன. சமைக்கும் அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டால் பலகை அப்படியே இருக்க ருசி போய்விடும். பெயரை நம்பிப் போவதைவிடச் சட்டியைப் பார்த்து உட்காருவது மேல்.

நாள் விஷயம் வெளியூர்க்காரர்களைக் குழப்பும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகமும் பள்ளியும் நடக்கும். அதனால் குடும்பத்தோடு வெளியே சாப்பிடும் நாள் வெள்ளி. அதே வெள்ளி நம் வீடுகளில் சைவ நாளுமாகிறது. வாழையிலைக் கடைக்காரருக்கு அன்று இரட்டைச் சமையல்: ஒரு பக்கம் கூட்டு, பொரியல், சைவ மட்டன், மறுபக்கம் இறால், நண்டு. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வெள்ளி மதியம் தொழுகை நேரத்துக்குக் கதவு சாத்தியிருக்கலாம். நோன்பு மாதத்தில் அவை பகலில் மூடி மாலையில் திறக்கும். அசைவத்தில் தேர்ந்தெடுத்துச் சாப்பிட வேண்டுமென்றால் ஞாயிறு நல்லது. கூட்டமும் குறைவு.

பசியாற

உட்கார்ந்ததும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். முதல் கேள்வி, "என்னா தண்ணி?" இதற்குத் தயாராக இல்லாதவர்கள் "டீ" என்று சொல்லிவிட்டு, கெட்டிப்பால் கரைத்த இனிப்பைக் குடித்து முகம் சுளிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தே என்றால் கெட்டிப்பால் சேர்ந்தது. தே ஓ என்றால் பாலில்லை, சீனி உண்டு. தே ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. தே சி என்றால் இனிப்பில்லாத டின் பால், சீனி தனி. இனிப்பு குறைய வேண்டுமென்றால் "கூராங் மானிஸ், அண்ணே" என்றால் போதும். காலைக் குளிருக்கு தே ஹாலியா, அதாவது இஞ்சி போட்டது, கேட்கலாம். பால்மரம் சீவப் போனவர்கள் போத்தலில் ஊற்றிக் கொண்டுபோனது தே ஓதான். பால் கலந்தது வெயிலில் கெட்டுவிடும்.

ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். இங்கே அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஒன்று மட்டும்: சொல்லாவிட்டால் பருப்போடு மீன் குழம்பையோ சம்பலையோ சேர்த்து ஊற்றிவிடுவார்கள். சைவக்காரர்கள் "பருப்பு மட்டும்" என்று முன்னாலேயே சொல்லுங்கள். சம்பலில் பிளாச்சான் இருக்கும். அது இறாலில் செய்தது.

தோசைக்கு வருவோம். தோட்டத்துக் கை பட்ட தோசை தமிழ்நாட்டு ஓட்டல் தோசையைப் போல மொறுமொறுவென்று தட்டுக்கு வெளியே நீளாது. கனமாக, நடுவில் கொஞ்சம் மெத்தென்று, சின்னதாக இருக்கும். கூடவே சாம்பார், தேங்காய்ச் சட்னி, நெத்திலிச் சம்பல். இந்த மூன்றாவது வந்தால் சரியான கடைக்கு வந்திருக்கிறீர்கள். சனிக்கிழமை காலைகளில் சில கடைகளில் முதல் நாள் மீன் குழம்பைச் சுண்டவைத்துத் தோசைக்குத் தருவார்கள். அது பலகையில் எழுதியிருக்காது. "அக்கா, பழைய கறி இருக்கா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பவர் விஷயம் தெரிந்தவர் என்று அவரே புரிந்துகொள்வார்.

இடியாப்பத்தைத் துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து மோட்டார் சைக்கிளில் விற்றுக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டரைக்கு மேல் அவர்களைத் தேடாதீர்கள்.

மதியம்

கெடா நகரங்களில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை இரண்டு வகை. ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த சமையல்காரர் நிற்கும் கடை. பரோட்டா, சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், பலவகைத் தோசை, பிரியாணி. சாப்பிடலாம், தப்பில்லை, ஆனால் மதுரையிலோ சென்னையிலோ கிடைப்பதைத் தேடி நீங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. மற்றது உள்ளே இரண்டு மூன்று பெண்கள் சமைக்கும் கடை. பட்டியல் இருக்காது. கண்ணாடிப் பெட்டியில் எட்டுப் பத்துத் தட்டு. தட்டைக் காட்டிக் கேட்க வேண்டியதுதான். இந்த அத்தியாயம் இரண்டாவது வகையைப் பற்றியது.

அந்தப் பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் பெரட்டல். எலும்போடு சிறிதாக வெட்டிய கோழியோ ஆட்டிறைச்சியோ, பட்டை, அன்னாசிப்பூ, கறிவேப்பிலை தாளித்து, கறித்தூளில் வெந்து, தண்ணீர் வற்றி, எண்ணெய் மேலே பிரிந்து கறுப்போடியிருக்கும். குழம்பாக ஓடினால் அது பெரட்டல் இல்லை. செக்கச் சிவந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது தோட்டத்தின் உண்மையான சொத்து: சாடின், நெத்திலி, கருவாடு. லயத்து வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி வெகுகாலம் கழித்து வந்தது. மின்சாரமே பிந்தித்தான் வந்தது. பச்சை மீனும் இறைச்சியும் சம்பள நாளை ஒட்டி. மற்ற நாளெல்லாம் கடனுக்குக் கொடுக்கும் மளிகைக் கடையில் கெடாமல் இருப்பதுதான் கறி. தக்காளிச் சாற்றில் மிதக்கும் டின் சாடினைப் பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், கறித்தூள் போட்டுக் கிளறி, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்னில் இரவுச் சோறு முடியும். இன்று வங்கியில் வேலை பார்க்கிற மகனும் மகளும் ஊருக்கு வந்தால் அம்மாவிடம் கேட்பது இதைத்தான். கடையில் இதைச் சமைத்து வைக்க வெட்கப்படுகிறவர்கள் உண்டு. விருந்தாளிக்கு டின் மீனா என்று. அதனால் பெட்டியில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத நேரமானால் பத்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

கருவாட்டுக்குக் கெடா கொடுத்துவைத்த இடம். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முனையில் தஞ்சோங் டாவாய் இருக்கிறது. நெத்திலி, கருவாடு, பிளாச்சான் மூன்றும் அங்கே பேர்பெற்றவை. சற்றுத் தெற்கே கோத்தா கோலா மூடாவில் மீனை ஏலம் விடுகிறவரின் காதில் விலையைக் கிசுகிசுக்கும் சந்தை ஒன்று உண்டு. 2004 சுனாமி அடித்த கரை அது. இந்தக் கரைகள் சுங்கை பட்டாணிக்குப் பக்கம் என்பதால் உப்பு அதிகம் ஏறாத கருவாடு கடைகளுக்கு வந்துவிடுகிறது. கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு இருந்தால், அன்றைக்கு வேறு எந்தக் குழம்பையும் சோற்றில் ஊற்றாதீர்கள்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பெட்டியை மூட முடியாது. தோட்டம் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த ரங்கூன் அரிசியை நம்பி இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்த அரிசி நின்றது. 1943-இல் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தார்கள். கொடி மாறியது, லயத்துப் பசி மாறவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் ஆண்களைக் கொண்டுபோன பின் வீட்டில் இருந்தவர்கள் கிழங்கை அவித்தும், காயவைத்து மாவாக்கியும் உயிர் பிழைத்தார்கள். அந்தத் தலைமுறையில் பலர் பிற்பாடு கிழங்கைத் தொடவே இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் நாலு மணி தேயோடு அவித்த கிழங்கையும் நெத்திலிச் சம்பலையும் விலை கொடுத்து ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். கிழங்கு கிடைக்கும் கடையில் வயதானவர் யாராவது பக்கத்து மேசையில் இருந்தால், அவர் தட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சுறாப்புட்டு பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகத் தொடங்கி இப்போது எல்லார் இலைக்கும் வந்துவிட்டது. மிளகும் பூண்டும் தூக்கலாக, உதிரியாக இருக்க வேண்டும். காட்டுப்பன்றிப் பெரட்டல் தோட்டத்து ஆண்களின் பெருமை. கிடைக்கும் கடையில் வாசலிலேயே எழுதியிருப்பார்கள். முஸ்லிம் நண்பர்களோடு வருகிறவர்கள் அந்தப் பலகையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இலை. சோறு கேட்கும்போது "பச்சரிசியா, புழுங்கலா?" என்பார்கள். கருவாடு, சாடின் எதுவானாலும் புழுங்கல்தான் பொருந்தும் என்பது என் கட்சி. இலையில் மூன்று மரக்கறி, அப்பளம், மோர் மிளகாய், ரசம் விலையில் அடக்கம். சோறும் மரக்கறியும் திரும்பக் கேட்கலாம். இறைச்சியும் மீனும் தனி விலை. பெரிய இறால், நண்டு, மீன் தலை, மீன் சினை ஆகியவற்றை எடுக்கும் முன் "இது எவ்வளவு, அக்கா?" என்று கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. சாப்பிட்ட பிறகு சண்டை போடுவதுதான் அவமானம். கீரையிலும் பயத்தங்காயிலும் காய்ந்த இறால் போட்டு வதக்கும் வழக்கம் இருக்கிறது. சைவக்காரர்கள் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். சைவக் கடையில் ஆட்டுக்கறி மாதிரி ஒன்று தெரிந்தால் பதற வேண்டாம், அது சோயா.

ரசத்தைக் கடைசிச் சோற்றில் ஊற்றுவதும் தம்ளரில் குடிப்பதும் அவரவர் விருப்பம். நண்டு ரசம் இருக்கிற நாளில் தம்ளரில் கேளுங்கள். காய்ச்சலோடோ நீண்ட பயணத்துக்குப் பிறகோ வந்தவர்கள் இலையே வேண்டாம், வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் ஒரு பொரித்த நெத்திலியும் போதும் என்று சொல்லலாம். கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார்; இன்னும் கொஞ்சம் ரசம் கொண்டுவந்து வைப்பார்.

நாசி கண்டார்

இதைத் தோட்டத்துச் சாப்பாட்டோடு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். காவடிக் கம்பின் இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுப் பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சமையல் அது. தோட்டத்தில் பிறக்கவில்லை. ஆனால் சம்பள நாளில் டவுனுக்கு வந்தவர்கள் ஆசையோடு சாப்பிட்டது அதுதான். அதனால் இங்கே இடம் உண்டு. கேட்கும் முறை சுலபம்: சோறு, ஒரு இறைச்சி, வெண்டைக்காய், பிறகு "எல்லாக் கறியும் கலந்து ஊத்துங்க, அண்ணே." தனித்தனியாக ஊற்றச் சொல்கிறவர்கள் நாசி கண்டாரைச் சாப்பிடவில்லை என்பேன். இந்த மாநிலத்தில் மஞ்சள் சோற்றோடு கறி வகைகள் வைத்து நாசி லெமாக் என்று விற்பதும் உண்டு. கோலாலம்பூர் நாசி லெமாக்கை நினைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். வேறு சாப்பாடு என்று நினைத்துப் போனால் பிடிக்கும்.

மாலையில் அதே மாமாக்களிடம் பசெம்போர் கேளுங்கள்: வெள்ளரி, சிங்குவாங் கிழங்கு, பொரித்த மாவுருண்டை, தௌபூ இவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளியும் கச்சானும் சேர்ந்த குழம்பை மேலே ஊற்றுவது. தெற்கே இதற்கு ரோஜாக் என்று பெயர்.

திருவிழா நாட்கள்

பழைய தோட்டத்துக் கோயில்கள் பல, ஆட்கள் போன பிறகும், ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா எடுக்கின்றன. அன்று கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்கூடப் பழைய தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். அண்டாவில் சாம்பாரும் முட்டைக்கோஸ் பொரியலும் பாயாசமும் அன்னதானம். சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் தேவஸ்தானத்தின் சித்ரா பௌர்ணமி இந்த வட்டாரத்துப் பெரிய திருவிழா. ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரும். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் கிடைக்கும், பணம் வாங்கமாட்டார்கள். அந்த நாட்களில் ஊருக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ரயிலில் வாருங்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள், வரிசையில் நில்லுங்கள், அன்னதானத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகக் கேட்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் கருவாடும் நெத்திலியும் வாங்கலாம். தஞ்சோங் டாவாய்க் கடைகளில் நெத்திலியை ஒன்று எடுத்து உடைத்துப் பாருங்கள்: முறிந்தால் நன்றாகக் காய்ந்தது, வளைந்தால் ஈரம் இருக்கிறது. தலை கிள்ளியது விலை கூடும், அந்த வேலை மிச்சம். கருவாட்டை நாளிதழில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். குளிரூட்டிய ரயில் பெட்டிக்குள் பக்கத்தில் உட்காருகிறவர் தமிழராக இல்லாமலும் இருக்கலாம்.